சித்தம்பூண்டிக் குருந்தம்

அப்பா திருச்சியில் கல் பட்டை தீட்டுகிறவர். வாழ்க்கையில் பாதி நாள் செயற்கை மாணிக்கம்தான் அவர் கையில் புரண்டது. பிற்பாடு அமெரிக்கன் டைமண்ட் வந்து எல்லாரையும் போல அவரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஆனாலும் சிவப்புக் கல் பார்சல் வந்த அன்றைக்கு அவர் முகமே வேறாக இருக்கும். மூலக்கல், நீளவாட்டில் பிளந்த கேரட் மாதிரி வரும். வெளியே சொரசொரவென்று, மங்கலாக, ஒன்றுக்கும் ஆகாத சரக்கு போலத் தெரியும். பிளந்த பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்தால் கண் கூசும் சிவப்பு. அதைத் துண்டு போட்டு, குச்சி நுனியில் அரக்கு உருக்கி ஒட்டி, தட்டில் வைத்து ஒவ்வொரு முகமாகத் தேய்ப்பார்.

ஏழாவது படிக்கும்போது கேட்டேன், நிஜ மாணிக்கம் எங்கே கிடைக்கும் என்று.

"பர்மாவுல."

"நம்ம ஊர்ல?"

"நம்ம ஊர்ல கிடைச்சா நான் எதுக்குடா இதைத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்?"

அந்தப் பதில் தப்பு என்று எனக்குத் தெரிய முப்பது வருடம் ஆயிற்று. நம்மூரில் கிடைக்கிறது. திருச்சியிலிருந்து பஸ் மாறிப் போனாலும் மூன்று மணி நேரம்தான். நாமக்கல் மாவட்டம், பரமத்திவேலூர் பக்கம், சித்தம்பூண்டி. சந்திரயான்-2 சமயத்தில் செய்தியில் அடிபட்ட அதே ஊர். நிலாவின் மேட்டு நிலம் அனார்த்தோசைட் என்ற வெள்ளைப் பாறையால் ஆனது. லேண்டரையும் ரோவரையும் இறக்கிப் பழக அதே மாதிரி மண் இஸ்ரோவுக்கு வேண்டியிருந்தது. சித்தம்பூண்டி, குன்னமலை பாறையை அரைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாரும் நிலா மண்ணைப் பற்றிப் பேசினார்களே தவிர, அந்தப் பாறைக்குள் இருக்கும் இன்னொரு சரக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதன் பெயர் குருந்தம். சாணைக்கல் பிடிக்கிறவர்களுக்குப் பழக்கமான பெயர். இதைப் பொடியாக்கி அரக்கோடு சேர்த்து உருட்டித்தான் அந்தக் காலத்தில் சாணை செய்தார்கள். கத்தி தீட்டும் சாணையும் அதுதான், ரத்தினம் தீட்டும் சாணையும் அதுதான். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் நம் பக்கத்துக் குருந்தம் கொஞ்சம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1798-ல் சார்லஸ் கிரெவில் என்பவர் அதைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை எழுதினார். 1802-ல் டி போர்னோன் என்ற பிரெஞ்சுக்காரர் படிகங்களின் கோணங்களை அளந்து பார்த்து, குருந்தம், மாணிக்கம், நீலம் மூன்றும் ஒரே கனிமம் என்று எழுதினார். குருந்தத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த வெள்ளைப் பாறைக்கும் 'இண்டியனைட்' என்று ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. நம் வார்த்தை நிலைத்தது. உலகத்தில் பல மொழிகளில் ரத்தினப் பாடம் படித்தால் இன்று அது 'கொரண்டம்'தான். நம் ஆட்களுக்கும் இந்த உறவு புதிதில்லை. சிலப்பதிகாரம் மதுரையின் மணிக்கடைத் தெருவைச் சொல்லும்போது மாணிக்கத்தில் பதுமம், நீலம், விந்தம், படிதம் என்று நான்கு சாதி சொல்கிறது. விந்தம் என்றால் குருவிந்தம், குருந்தத்தின் பங்காளிப் பெயர்.

சரி, சாணைக்கல்லும் மாணிக்கமும் ஒன்று என்றால், ஒன்று ஏன் மூட்டையில் போகிறது, இன்னொன்று ஏன் பஞ்சுக்குள் வைத்துப் போகிறது?

என் நண்பர் ஒருவர் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறார். ஜியாலஜி. (புவியியல் என்று சொன்னால் "அது ஜியாகிரபி" என்று கோபித்துக்கொள்வார்.) ஐப்பசியில் நல்ல மழை விட்ட ஒரு நாள் அவரோடு சித்தம்பூண்டிப் பக்கம் போனேன். மாணிக்கம் தேடப் போகிறோம் என்ற நினைப்பில் நான் தரையில் சிவப்பாக எது தெரிந்தாலும் குனிந்தேன். கால் மணி நேரத்தில் சட்டைப்பை நிறைந்துவிட்டது. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தூரப் போட்டார். "கார்னெட். கார்னெட். இதுவும் கார்னெட். இது செங்கல்."

அப்புறம் சொன்னார்: "சிவப்பைத் தேடாதீங்க. வெங்கச்சங்கல் இல்லாத இடத்தைத் தேடுங்க."

அந்த ஒரு வரியில் மொத்த விஷயமும் இருக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும், அவ்வளவுதான். இரண்டுமே பூமியில் கொட்டிக் கிடக்கின்றன. மேலோட்டின் எடையில் அலுமினியம் மட்டும் சுமார் 8 சதவீதம். அதற்கு முன்னால் நிற்பவை ஆக்சிஜனும் சிலிக்கானும் மட்டுமே. பிரச்சினை அந்தச் சிலிக்கானால் வருவது. ஆக்சிஜனோடு சேர்ந்து சிலிக்காவாகி, அது எங்கும் பரவியிருக்கிறது. மணல், வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) எல்லாம் அதுதான். சிலிக்கா பக்கத்தில் இருந்தால் அலுமினியத்தைத் தனியாக விடாது. கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஃபெல்ட்ஸ்பாராகவோ மைக்காவாகவோ களிமண்ணாகவோ ஆக்கிவிடும். குருந்தமும் குவார்ட்ஸும் பக்கத்துப் பக்கத்தில் வெந்தால் சிலிமனைட் என்ற மூன்றாவது ஒன்றாகிவிடும். ஆகவே குருந்தம் பிறக்க வேண்டுமானால் சிலிக்கா முதலிலேயே குறைவாக இருக்க வேண்டும், அல்லது யாராவது வந்து அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இப்படிப் பிறந்தது வெறும் குருந்தம்தான். சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ கிடக்கும். அது மாணிக்கமாகச் சிவக்க, அலுமினிய அணுக்களில் நூற்றுக்கு ஒன்றுகூட வேண்டாம், அதிலும் குறைவான இடத்தில் குரோமியம் போய் உட்கார்ந்தால் போதும். ஆனால் குரோமியம் குடியிருப்பது பூமியின் ஆழத்திலிருந்து வந்த, மெக்னீசியம் நிறைந்த கரும்பாறைகளில். அங்கே அலுமினியம் அதிகம் கிடையாது. அலுமினியம் நிறைந்த பாறைகளிலோ குரோமியம் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே இல்லை. அந்த இரண்டு வீடும் சுவர் ஒட்டி நிற்கிற ஊர்கள் உலகத்தில் மிகச் சில.

சித்தம்பூண்டி அதில் ஒன்று. சுமார் 250 கோடி வருடத்துக்கு முன்பு பாறைக்குழம்பு உறைந்து அடுக்கடுக்காகப் படிந்த பாறைத் தொகுதி இது. வில் மாதிரி வளைந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறது. வெள்ளை அனார்த்தோசைட், சிலிக்கா குறைவு, அலுமினியம் ஏராளம். அதன் நடுவே கறுப்புப் பட்டையாகக் குரோமைட், அதாவது குரோமியத்தின் தாது. பிறகு இது பூமிக்குள் ஆழமாகப் போய் வெந்து உருமாறியபோது அந்த வெள்ளைப் பாறைக்குள்ளேயே குருந்தம் முளைத்தது. பார்க்க எப்படி இருக்கும் என்றால், தேங்காய்த் துருவலில் எள் தூவிய மாதிரி வெள்ளைப் பாறை. எள் என்பது ஆம்பிபோல் என்ற கறுப்புக் கனிமம். மழையிலும் வெயிலிலும் வெள்ளை தேய்ந்துபோக, தேயாத குருந்தம் மட்டும் மரு மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். கண்ணைவிடக் கைதான் அதை முதலில் கண்டுபிடிக்கும். பாறை மேல் உள்ளங்கையை ஓட்டினால் நெருடும். அந்த நெருடல் சில இடத்தில் சாம்பல், சில இடத்தில் ரோஜாப்பூ நிறம்.

காட்டுக்காரர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். (கொங்கு நாட்டில் காடு என்றால் வயல்.) விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கு எதுக்குங்க பாறையத் தடவீட்டு? மழ பேஞ்சு நின்ன மக்யா நாளு உழுத காட்டுல பாருங்க, தானா மேல வந்து கிடக்குமுங்க" என்றார். உண்மைதான். பாறை மக்கி மண்ணானாலும் குருந்தம் மண்ணாவதில்லை. மழை மெல்லிய மண்ணை அடித்துக்கொண்டு போக, கனமானது தங்கிவிடுகிறது. தண்ணீரைப் போல நான்கு மடங்கு எடை அதற்கு. மாணிக்கத் தேடலின் முழுச் சூத்திரத்தையும் அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பொழுது சாய்ந்ததும் நண்பர் புற ஊதா டார்ச்சை எடுத்தார். குரோமியம் உள்ள குருந்தம் அந்த வெளிச்சத்தில் சிவப்பாக ஒளிரும், கார்னெட் ஒளிராது. கையில் இருக்கும் கல்லைப் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை. முதலில் ஒளிர்ந்தது ஒரு தேள். புற ஊதா பட்டால் தேள் பச்சையும் நீலமுமாக ஜொலிக்கும் என்று படித்திருக்கிறேன். என் செருப்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பார்ப்பது வேறு. அப்புறம் சில சுக்கான்கல் வெளிறித் தெரிந்தன. அதற்கும் அப்புறம்தான் வரப்போரத்தில் ஒன்று, அணையப் போகிற கங்கு மாதிரி, மங்கலான சிவப்பு.

காட்டுக்காரர் கேட்டார், "ஏனுங்க, நாகரத்தினந்தான் தேடுறீங்களாக்கும்?"

ஒளிர்ந்ததை அவரே குனிந்து எடுத்துத் துடைத்து என் கையில் வைத்தார். கட்டைவிரல் நுனி அளவு. ஆறு பட்டை, பீப்பாய் மாதிரி நடுவில் கொஞ்சம் பருத்து, அழுக்கு ரோஸ் நிறம். ஒளி ஊடுருவவில்லை. வைத்துக்கொள்ளச் சொன்னார். (இதைப் படித்துவிட்டு யாரும் கடப்பாரையோடு கிளம்ப வேண்டாம். அனுமதி இல்லாமல் கனிமம் தோண்டுவது குற்றம். தோண்டினாலும் வீடு கட்டும் காசு வராது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.)

சித்தம்பூண்டிக்குக் கூடப் பிறந்த மாதிரி ஒரு பாறை கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது. ஃபிஸ்கெனேஸெட் தொகுதி. அதே அடுக்கு அனார்த்தோசைட், அதே குரோமைட், வயது இன்னும் அதிகம், ஏறத்தாழ 300 கோடி. அங்கே அனார்த்தோசைட்டும் மெக்னீசியக் கரும்பாறையும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் மாணிக்கம் இருக்கிறது. கரும்பாறை சிலிக்காவுக்கு அலைகிற பாறை, பக்கத்து வீட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பதிலுக்குக் குரோமியம் கொடுக்கும். கென்யாவின் மங்காரியிலும் ஏறக்குறைய இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். கிரீன்லாந்தில் அந்த இடத்தின் பெயர் ஆப்பலுட்டோக், அவர்கள் மொழியில் 'சிவப்பு'. 2017-ல் சுரங்கம் திறந்தார்கள். அங்கே தேடுவதும் ஒரு விதத்தில் வசதி. பனியாறுகள் பாறையை மண் இல்லாமல் சுரண்டித் துடைத்து வைத்திருக்கின்றன. நமக்கு மேலே மண், மண்ணுக்கு மேலே மரவள்ளி.

பர்மாவின் மோகோக் கதை வேறு. அங்கே தாய்ப்பாறை பளிங்கு. முன்னொரு காலத்தில் கடலோரத்தில் படிந்த சுண்ணாம்பு, நடுநடுவே கொஞ்சம் களிமண். களிமண்ணில் அலுமினியம் இருந்தது, துளி குரோமியமும் இருந்தது. இந்தியத் தட்டு போய் ஆசியாவை மோதிய மோதலில் எல்லாம் வெந்து பளிங்காயிற்று. இதில் எனக்கு மிகவும் பிடித்தது உப்பு. மாணிக்கத்துக்குள் சிறைப்பட்டிருக்கும் நுண்ணிய திரவத் துளிகளைப் பார்த்த பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள், சுண்ணாம்போடு காய்ந்த உப்புப் படிவுகளும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். உருகிய உப்புதான் இடம் விட்டு அசையாத அலுமினியத்தை அசைத்தது என்பது அவர்கள் வாதம். வேதாரண்யம் மாதிரி ஒரு உப்பளம் மலைக்கடியில் போய் வெந்தால் மாணிக்கம் என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன். நண்பர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் மோகோக் கல்லின் விலைக்குக் காரணம் உள்ளே இருப்பது மட்டுமில்லை, உள்ளே இல்லாததும்தான். பளிங்கில் இரும்பு மிகக் குறைவு. குரோமியம் வெளிச்சத்தை வாங்கித் திரும்பவும் சிவப்பாக உமிழும் இயல்பை இரும்பு கெடுத்துவிடும். இரும்பு இல்லாத மோகோக் மாணிக்கம் வெயிலிலேயே உள்ளிருந்து எரிகிற மாதிரி இருக்கும். புறாவின் ரத்தம் என்று வியாபாரிகள் சொல்வது அந்த நிறத்தைத்தான். தாய்லாந்தின் சந்தபுரி, கம்போடியாவின் பைலின் கற்கள் எரிமலைப் பாசால்ட் குழம்பு ஆழத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவை. இரும்பு அதிகம், கொஞ்சம் கறுத்த சிவப்பு, புற ஊதாவில் அநேகமாக ஊமை. சித்தம்பூண்டிக் கல் மங்கலாகவாவது ஒளிர்ந்ததே என்று நான் சந்தோஷப்பட்டது இதனால்தான்.

பிறகு ஏன் நம்மூர்க் கல் சாணைக்குப் போகிறது? இதற்குப் பதில் எனக்கு இரத்தினபுரியில் கிடைத்தது.

இலங்கை நம் தென்னிந்தியப் பாறைகளோடு ஒட்டிக்கிடந்த துண்டு. மடகாஸ்கர், மொசாம்பிக் எல்லாம் அப்போது பக்கத்து வீடு. ஐம்பது, அறுபது கோடி வருடத்துக்கு முன்பு கண்டங்கள் மோதி ஒன்றான தையல் ஓரத்தில்தான் இந்த ஊர்களின் ரத்தினங்களில் பெரும்பாலானவை பிறந்தன. அந்தத் தையலில் ஒரு பகுதி நம் பாலக்காட்டிலிருந்து காவிரியோரமாகப் போகிறது. ஆனால் இரத்தினபுரியில் யாரும் பாறையை உடைப்பதில்லை. வயலில் குழி இறக்குகிறார்கள். சுவர் சரியாமலிருக்க மரச்சட்டம், சட்டத்துக்குப் பின்னால் காட்டுப் பெரணி இலை. களிமண்ணுக்குக் கீழே பழைய ஆற்றின் கூழாங்கல் படுகை வரும். சிங்களத்தில் அதற்கு 'இல்லம்' என்று பெயர். அதை மேலே ஏற்றி, கூம்பு வடிவக் கூடையில் போட்டு, தண்ணீரில் அரைமுழுக்காக வைத்துச் சுழற்றுகிறார்கள். கூடைக்கு அவர்கள் சொல்லும் பெயர் வட்டி. சங்கப் பாட்டில் மீனும் பூவும் கொண்டுபோகிறார்களே, அதே வட்டிதான். எனக்கு அங்கே கல்லைவிட அந்தச் சொல் பெரிய புதையலாக இருந்தது.

சுழற்சியில் லேசான கல் விளிம்பு தாண்டி வெளியே போகிறது, கனமானது அடியில் சேர்கிறது. கடைசியில் ஒரு பெரியவர் கூடையைச் சூரியனுக்குச் சாய்த்துப் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தார். ஸிர்கான், கார்னெட், ஸ்பைனல், கலங்கலான நீலம், விரல் நகத்தில் பாதி அளவு ரோஸ் நிறத்தில் ஒன்று. ஒன்றையும் எடுக்காமல் தலையாட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போனார். (ஸ்பைனல் பார்வைக்கு அசல் மாணிக்கமேதான். பிரிட்டிஷ் மகுடத்தில் இருக்கும் 'கறுப்பு இளவரசர் மாணிக்கம்' ஸ்பைனல்தான். ராஜாக்களே ஏமாந்திருக்கிறார்கள், என் சட்டைப்பை கார்னெட்டுக்கு நான் வெட்கப்பட வேண்டியதில்லை.)

அந்தப் பெரியவருக்கு முன்பே அந்தப் பழைய ஆறு கற்களைச் சோதித்து முடித்திருக்கிறது என்பதுதான் விஷயம். பாறைக்குள் இருக்கும் குருந்தத்தில் பெரும்பகுதி விரிசல் விட்டது. எந்த நாட்டிலும் அப்படித்தான். ஆற்றில் உருண்டு வரும்போது விரிசல் உள்ளது உடைந்து மணலாகிவிடும். உருப்படியானது மட்டும் வளைவுகளில், பாறைப் பொந்துகளில், பழைய படுகையின் அடியில் தங்கும். மோகோக்கிலும் பழைய எடுப்பெல்லாம் பளிங்குக் குகைகளிலும் பள்ளத்தாக்கிலும் தங்கிய 'ப்யோன்' என்ற சரளை மண்ணிலிருந்துதான். மொசாம்பிக்கின் மோன்டெபுவெஸில் 2009-ல் மாணிக்கம் கண்டுபிடித்தபோதும் பாறையில் இருந்ததைவிடச் சரளையில் கிடைத்ததே தரமாக இருந்தது. அதனால் தேடப் போகிறவன் முதலில் பாறையைப் படிக்க வேண்டும், பிறகு அதை விட்டுவிட்டு, பாறையிலிருந்து இறங்கும் ஓடை இப்போது எங்கே போகிறது, முன்பு எங்கே போனது என்று பார்க்க வேண்டும். சித்தம்பூண்டியில் எங்கள் கையில் கிடைப்பது சலிக்காத சரக்கு. பாறையை விட்டு நாலடி நகர்ந்து உட்கார்ந்த கல். அதற்குள் என்ன விரிசல் இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

அப்பா பார்த்தார்.

காட்டுக்காரர் கொடுத்த கல்லை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் முதலில் நம்பவில்லை. லென்ஸில் வைத்து நெடுநேரம் திருப்பினார். "குமிழியே இல்ல" என்றார். அப்புறம், "கோடு நேரா ஓடுது." செயற்கைக் கல் தீச்சுவாலையில் சொட்டுச்சொட்டாக வளர்வது. 1902-ல் வெர்னூயி என்பவர் வெளியிட்ட முறை, இன்னும் அதேதான். அதற்குள் வளர்ச்சிக் கோடுகள் இசைத்தட்டு மாதிரி வளைந்திருக்கும், அங்கங்கே காற்றுக் குமிழி இருக்கும். நாற்பது வருடம் வளைந்த கோட்டையே பார்த்த கண்ணுக்கு நேர்க்கோடு புதிது. அதுவும் ஒன்றோடொன்று நூற்றிருபது டிகிரியில் திரும்பி, தேன்கூட்டு அறை மாதிரி.

"ஒரு முகம் மட்டும் வச்சுப் பாக்கட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். அரக்கை உருக்கி ஒட்டினார். வைரப்பொடி தடவிய தட்டில் வைத்தார். செயற்கைக் கல்லுக்கு வரும் சீரான உஸ்ஸென்ற சத்தம் வரவில்லை, நறநறவென்றது. கையை எடுத்து, குச்சியைக் கொஞ்சம் திருப்பி, இன்னும் லேசாக வைத்தார். நறுக்கென்று ஒரு சத்தம். கல் மூன்று வில்லைகளாகப் பிரிந்து மேசையில் விழுந்தது. குருந்தத்துக்குள் ஏடு பிரிகிற தளங்கள் இருக்கும் என்று நண்பர் சொல்லியிருந்தார். நான் அப்பாவிடம் அதைச் சொல்ல மறந்திருந்தேன்.

எனக்குத்தான் பதறியது. அவர் வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். நடுவில் இருந்த வில்லை மெலிதாக இருந்ததால் அதன் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போயிற்று. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு நல்ல ரோஸ். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் வழக்கம்போல வெள்ளைத்தாளை மடித்துப் பொட்டலமாக்கி, மூன்றையும் உள்ளே வைத்து, எடை எழுதும் இடத்தில் பேனாவால் எழுதினார்: நம்ம ஊர், 3 துண்டு.